டகோமா: ஒரு வண்டியின் மறுபதிப்புகள்

2023ஆம் ஆண்டு மே மாதம் டொயோட்டா நிறுவனம் தன் நடுத்தரப் பிக்கப் வண்டியான டகோமாவின் நான்காம் தலைமுறையை அமெரிக்காவில் வெளியிட்டது. அன்று தொடங்கிய விவாதம் ஓராண்டுக்கும் மேல் ஓயவில்லை. ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டார்களே என்று ஒரு சாரார் புலம்பினர். பின்சக்கரங்களுக்கு ஒருவழியாக டிஸ்க் பிரேக் வந்ததே என்று இன்னொரு சாரார் மகிழ்ந்தனர். முகம் அழகா, முரடா என்றும், பின்னிருக்கையில் ஆள் உட்கார முடியுமா என்றும், விலை யாருக்காக வைக்கப்பட்டது என்றும் வாதங்கள் நீண்டன. இவற்றையெல்லாம் ஒருசேரப் படிக்கும்போது ஒரு பழைய நூலின் புதுப்பதிப்பைச் சுற்றி எழும் சண்டை நினைவுக்கு வருவது இயல்பே. பழைய பதிப்பைக் கையில் வைத்திருப்பவன் புதியதில் தன் பாடத்தைத் தேடுகிறான். அது காணாதபோது பதிப்பாசிரியனை ஏசுகிறான். ஆனால் பாடம் எப்போது, எவர் கையால் திரிந்தது என்று ஆராய்பவர் சிலரே. டகோமாவைப் பொறுத்தவரை அவ்வாராய்ச்சி நம்மை ஒரு கோழிப் பண்ணைக்கு இட்டுச் செல்கிறது. அதனாலேயே இதை இங்கே எழுதத் துணிந்தோம்.

முதலில் பெயர். டகோமா என்பது அமெரிக்காவின் வடமேற்கில் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பனிமலைக்கு அப்பகுதியின் பழங்குடி மக்கள் வழங்கிய பெயரின் ஆங்கிலத் திரிபு. மலையடிவாரத்துக்கு அப்பால் கடலோரத்தில் அமைந்த நகரமும் அதே பெயரைச் சூடிக்கொண்டது. 1792இல் அப்பக்கம் கப்பலில் வந்த ஜார்ஜ் வான்கூவர், மலைக்குத் தன் நண்பரான கடற்படை அதிகாரி பீட்டர் ரெய்னியரின் பெயரை இட்டுச் சென்றார். டகோமா நகரத்தார் மலைக்குப் பழைய பெயரே வேண்டுமென்றனர். போட்டி நகரமான சியாட்டிலில் ரெய்னியர் என்ற பெயருக்கே ஆதரவு. 1890இல் அமெரிக்கப் புவியியல் பெயர்க் குழு ரெய்னியர் என்றே முடிவு கூறியது. இந்த ரெய்னியர் யாரென்று தேடினால் நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அம்மலையை அவர் கண்ணால் கண்டவரே அல்லர். கண்டதெல்லாம் நம் கடல்தான். 1782-83இல் நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் ஆகிய கடற்பகுதிகளில் பிரெஞ்சுக் கடற்படையோடு ஆங்கிலேயர் நடத்திய போர்களில் ஒரு கப்பலின் தலைவராக நின்றவர் அவர். 1795இல் டச்சுக்காரர்களிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய படையின் கடற்பிரிவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. மலை அவர் பெயரில் நிலைத்தது; மலையின் பழம்பெயர், இருநூறாண்டுகள் கழித்து, ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி வண்டிக்கு வருவோம். டகோமாவின் மூதாதை 1968இல் ஜப்பானில் பிறந்த ஹைலக்ஸ். அகலம் 1.58 மீட்டர், எஞ்சின் 1.5 லிட்டர், முன்னே ஒரே நீள இருக்கை, பின்னே திறந்த சரக்குத் தட்டு. ஒரு டன் சுமக்கும் வண்டி என்பதே அதன் முழுப் பெருமை. மறு ஆண்டே அது அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே டாட்சன் நிறுவனத்தின் சிறு பிக்கப் அங்கே இறங்கிவிட்டது. அமெரிக்கரின் பெரிய பிக்கப்புகளோடு ஒப்பிட்டால் இவை பொம்மைகள். ஆயினும் தோட்ட வேலை செய்வோர், குழாய் பழுதுபார்ப்போர், சிறு விவசாயிகள் போன்றோருக்கு இவை ஏற்றவையாக இருந்தன. விலை குறைவு, எரிபொருள் செலவு குறைவு, தரையில் நின்றபடியே தட்டின் பக்கச் சுவருக்கு மேலாகக் கையை நீட்டி அடியில் கிடக்கும் மண்வெட்டியை எடுக்கலாம். கடைசியாகச் சொன்ன இந்தச் சிறு வசதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்தச் சிறுவண்டியின் தலையெழுத்து அது பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் கோழி வளர்ப்பு ஆலைத் தொழிலாக மாறியது. கோழி மலிந்தது, மலிந்த கோழி கப்பலேறி மேற்கு ஜெர்மனியின் அங்காடிகளை நிறைத்தது. உள்ளூர்ப் பண்ணைக்காரர்கள் கூக்குரலிட, 1962இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இறக்குமதிக் கோழிக்கு வரியை உயர்த்தியது. பேச்சுவார்த்தைகள் பலிக்கவில்லை. 1963 டிசம்பரில், பதவியேற்றுச் சில நாட்களே ஆகியிருந்த அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடியாக ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரகச் சரக்கு வண்டி ஆகிய நான்குக்கும் 25 சதவீத இறக்குமதி வரி. கோழிக்கும் சரக்கு வண்டிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். மேற்கு ஜெர்மனியிலிருந்து அப்போது ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் வேன்களும் பிக்கப்புகளும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்தன. அடி அங்கே விழ வேண்டும் என்பது கணக்கு. விழுந்தது. 1964இல் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கு வண்டிகளின் மதிப்பு முந்தைய ஆண்டினதில் மூன்றில் ஒரு பங்களவாகச் சுருங்கியது.

பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு ஆகியவற்றின் மீதான வரி பிற்காலத்தில் நீங்கியது. வண்டி மீதான வரி நீங்கவில்லை. சண்டைக்குக் காரணமான கோழி மறக்கப்பட்டது. சண்டையில் தொடர்பே இல்லாத ஜப்பானியச் சிறு பிக்கப்புகளின் மீது அந்த வரி அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமர்ந்திருந்தது. 'கோழி வரி' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. காரணம் மாய்ந்தபின் காரியம் மட்டும் உயிரோடு உலவும் விந்தையை வரலாற்றில் பலமுறை காண்கிறோம். இவ்வளவு துலக்கமாகக் கண்டதில்லை.

வரியைக் கடக்க நிறுவனங்கள் செய்த வித்தைகள் தனி நூலுக்கு உரியவை. முழு வண்டிக்குத்தான் 25 சதவீதம். சரக்குத் தட்டு இல்லாத வெறும் சேசிஸும் முன்னறையும் வந்தால் 4 சதவீதமே. எனவே தலை ஒரு கப்பலிலும் வால் வேறோர் இடத்திலுமாக வண்டிகள் வந்தன. டொயோட்டா தனக்கான தட்டுகளைக் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் செய்வித்தது. வட அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் உற்பத்தி தொடங்கியதே இந்தத் தட்டுகளிலிருந்துதான். ஃபோர்டும் செவர்லேயும்கூட முறையே மாஸ்டா, இசூசு வண்டிகளை வரவழைத்துத் தத்தம் பெயரை ஒட்டி விற்றன. 1980இல் சுங்கத்துறை இவ்வழியை அடைத்தது. சுபாரு வேறொரு வழி கண்டது. 1978இல் அது அனுப்பிய பிராட் என்னும் சிறு பிக்கப்பின் சரக்குத் தட்டில் பின்புறம் நோக்கிய இரு பிளாஸ்டிக் இருக்கைகள் பொருத்தப்பட்டிருந்தன. இருக்கை உண்டெனில் அது பயணிகள் வண்டியாம்! பின்னாளில் அதிபரான ரொனால்ட் ரேகன் தம் பண்ணையில் இவ்வண்டி ஒன்றை வைத்திருந்தார். நம் காலத்திலும் இக்கூத்து முடியவில்லை. 2009 முதல் ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் செய்த வேன்களைப் பின்னிருக்கைகளோடு கொண்டுவந்து, பால்டிமோர் துறைமுகத்தில் இறக்கியபின் இருக்கைகளைக் கழற்றி எறிந்து சரக்கு வேனாக விற்றது. வழக்கு பல்லாண்டு நடந்து, 2024இல் 36.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதில் முடிந்தது.

நாம் சொல்ல வருவது இதுதான். 1980க்குப் பின் அமெரிக்காவில் சிறு பிக்கப்பை வெளியிலிருந்து மலிவாகக் கொண்டுவர முடியாது என்றாயிற்று. உள்ளேயே செய்ய வேண்டும். அமெரிக்க ஆலைச் செலவில் செய்த வண்டி கொழுத்த இலாபம் தர வேண்டும். வண்டி பெரிதானால்தான் இலாபமும் பெரிது. டொயோட்டா 1991இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டாக நடத்திவந்த ஆலையில் தன் பிக்கப்பைச் செய்யத் தொடங்கியது. (2010இல் மூடப்பட்ட அதே ஆலைதான் பிறகு டெஸ்லாவின் கைக்குப் போயிற்று.) ஹைலக்ஸ் என்ற பெயரை அமெரிக்காவில் எழுபதுகளிலேயே கைவிட்டு, 'டொயோட்டா டிரக்' என்று வெறுமனே விற்றுக்கொண்டிருந்தார்கள். பெயரில்லாத அந்த வண்டியே இன்று எல்லா விவாதங்களிலும் 'அந்தக் காலத்து வண்டி' என்று ஏக்கத்தோடு சுட்டப்படுவது. 1985இல் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' திரைப்படத்தில் இளைஞன் ஆசைப்படும் கறுப்பு வண்டி அதுவே. எளிய நான்கு சிலிண்டர் எஞ்சின். லட்சம் மைல்களைச் சாதாரணமாகக் கடக்கும் உழைப்பு. இந்த ஏக்கம் முழுவதும் பொய்யன்று. ஆயினும் பழைய வண்டிகளில் பிழைத்தவை மட்டுமே நம் கண்முன் நிற்கின்றன, துருப்பிடித்து மடிந்தவை நிற்பதில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

துரு என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுவோம். 1995இல் டகோமா என்ற பெயரோடு புதிய வண்டி வந்தது. உலகுக்கு ஹைலக்ஸ், அமெரிக்காவுக்கு டகோமா எனக் குடும்பம் அன்று பிரிந்தது. ஹைலக்ஸ் சுமைக்காகவும், டகோமா நெடுஞ்சாலைச் சுகத்துக்காகவும் வளர்க்கப்பட்டன. 'பழைய வண்டியின் உறுதி இதில் இல்லை' என்ற பேச்சு அப்போதே எழுந்தது. பழமை விரும்பிகளின் வழக்கமான முனகல் என்று அதை ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வடமாநிலங்களில் முதல் தலைமுறை டகோமாவின் சேசிஸ் அரித்துத் துளைவிழத் தொடங்கியது. 2008இல் நிறுவனம் உத்தரவாதத்தை நீட்டித்து, மோசமானவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. அடுத்த தலைமுறையிலும் சிக்கல் தொடரவே, டகோமா உள்ளிட்ட மூவகை வண்டிகள் ஏறத்தாழ 15 லட்சத்துக்காக, 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட வழக்குத் தீர்வுக்கு 2016இல் அது உடன்பட்டது. அவ்வளவுக்குப் பிறகும் டகோமாவின் பெயர் கெடவில்லை. பழைய வண்டிகளின் மறுவிற்பனை விலையும் சரியவில்லை. உறுதி என்னும் புகழ் இரும்பினும் உறுதியானது போலும்.

2005ஆம் ஆண்டு மாதிரியாக வந்த இரண்டாம் தலைமுறையே உண்மையான திருப்பம். அதுவரை சிறுவகையில் வைத்து எண்ணப்பட்ட வண்டி அன்று நடுத்தர வகைக்கு ஏறியது. நீளம், அகலம், உயரம் எல்லாம் கூடின. 4 லிட்டர் வி-6 எஞ்சின் வந்தது. 'மோட்டார் டிரெண்ட்' இதழ் அவ்வாண்டின் சிறந்த பிக்கப் என்று விருது கொடுத்தது. தொழிலுக்கு வண்டி வைத்திருந்தோர் சிலர் 'எனக்கு இவ்வளவு பெரிது வேண்டாம்' என்றார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை. விற்பனை அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். விற்பனை சொல்வதெல்லாம் மக்கள் விருப்பமா? கடையில் இருப்பதைத்தானே வாங்க முடியும்?

இந்த ஐயத்துக்கு வலுச் சேர்ப்பது ஒரு சட்டவிதி. 1975இல் எண்ணெய் நெருக்கடியின் விளைவாக அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றியது. 2006இல் சரக்கு வண்டிகளுக்கான அளவுகோலை மாற்றினார்கள். நான்கு சக்கரங்களும் தரையில் வரையும் நாற்கரத்தின் பரப்பு எவ்வளவோ, அவ்வளவுக்கேற்ற இலக்கு. பரப்பு பெரிதானால் இலக்கு இளகும், சிறிதானால் இறுகும். பெரிய வண்டிகளைச் செய்வோருக்கு அநீதி நேரக் கூடாது என்ற நோக்கம் புரிகிறது. விளைந்தது வேறு. சிறிய பிக்கப் ஒன்று சிறிய காரின் சிக்கனத்தோடு போட்டியிட வேண்டிய நிலை வந்தது; சக்கரங்களைச் சற்று அகற்றி வைத்தால் அந்தத் தொல்லை குறைந்தது. 2011 டிசம்பரில் ஃபோர்டின் ரேஞ்சர் என்னும் சிறு பிக்கப், மின்னசோட்டாவின் செயின்ட் பால் ஆலையோடு சேர்ந்து முடிவுக்கு வந்தது. 2019ஆம் ஆண்டு மாதிரியாக அது மீண்டபோது நடுத்தர வகையினதாக வளர்ந்திருந்தது. டகோமாவில் ஒற்றை அறை வகை 2014ஆம் ஆண்டு மாதிரியோடு நின்றது. தோட்டக்காரரின் வண்டியை ஒழித்தவர் என்று எந்த வடிவமைப்பாளரையும் நம்மால் சுட்ட முடியவில்லை. கோழி வரியும் நாற்கரக் கணக்கும் சேர்ந்து ஒழித்தன என்பதே நம் முடிவு.

மூன்றாம் தலைமுறை 2016ஆம் ஆண்டு மாதிரி. இதைப் பற்றிய குறைகள் வேறு வகையின. தரையோடு ஒட்டிய இருக்கை. காலை நீட்டித்தான் ஓட்ட வேண்டும். தானியங்கிக் கியர் எந்தப் பல்லில் நிற்பது என்று தெரியாமல் ஏறியிறங்கித் தவிக்கும். பின்சக்கரத்தில் இன்னும் டிரம் பிரேக். சேறும் கல்லும் புகாமல் மூடியிருப்பதால் காட்டுவழிக்கு டிரம்தான் நல்லது என்று ஆதரவாளர்கள் உரையெழுதினார்கள். மூலத்தில் எது இருந்தாலும் அதற்கொரு நயம் காணும் உரையாசிரியர் மரபு நம்மிடம் மட்டும் இல்லை என்று அறிந்து ஆறுதல் கொண்டோம். 2024 மாதிரியில் டிஸ்க் வந்ததும் அவ்வுரைகள் ஒரே நாளில் வழக்கொழிந்தன. ஒருசில வகைகளின் பானெட்டின் மேல் காற்று புகுவதுபோல் ஒரு மூக்கும் இருந்தது. காற்று எங்கும் புகுவதில்லை. அணியிலக்கணத்தில் இதற்கு இடமுண்டு. எஞ்சின் அறையில் இல்லை.

வடிவம் பற்றிய கருத்து எவ்வளவு வலியது என்பதற்கு டகோமாவின் போட்டியாளரான ஹோண்டா ரிட்ஜ்லைன் நல்ல சான்று. 2006ஆம் ஆண்டு மாதிரியாக வந்த அவ்வண்டி தனிச் சேசிஸ் இல்லாமல் காரைப்போல் ஒருங்கிணைந்த கட்டுடலோடு செய்யப்பட்டது. விருதுகள் குவிந்தன. ஆனால் பிக்கப் விரும்பிகள் அதை வண்டியாகவே ஏற்கவில்லை. முன்னறையிலிருந்து தட்டை நோக்கிச் சரிந்த பக்கச் சுவர்கள் கண்ணை உறுத்தின. இரண்டாம் தலைமுறையில், 2017இல், அறைக்கும் தட்டுக்கும் இடையே மற்ற பிக்கப்புகளில் இருப்பதுபோல் ஒரு பிளவுக்கோடு தோன்றியது. அப்போதும் முகம் குடும்பக் காருடையது என்றார்கள். 2021இல் முகத்தை மட்டும் சதுரமாக்கி, நிமிர்த்தி வைத்தார்கள், எஞ்சின் பழையதே. 'இப்போதுதான் வண்டிபோல் இருக்கிறது' என்ற பாராட்டு கிடைத்தது! சுமை, இழுவை, உழைப்பு ஆகியவற்றில் ஒன்றும் மாறாதபோது வண்டி எப்படி வண்டியாயிற்று? பிக்கப் என்பது அங்கே ஒரு கருவியாக இருந்து ஒரு வேடமாக மாறியிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். வேடத்துக்கு இலக்கணம் கடுமையானது. கருவிக்கு அவ்வளவு இல்லை.

இப்பின்னணியில் 2023இன் புதுப்பதிப்பை எடைபோடுவோம். கலிபோர்னியாவிலும் மிச்சிகனிலும் இயங்கும் டொயோட்டாவின் கால்டி வடிவமைப்பு நிலையம் இதை வரைந்தது. பாஹா பாலைவனப் பந்தய வண்டிகளின் தோற்றத்தை மனத்தில் வைத்ததாகச் சொன்னார்கள், பார்த்தாலே தெரிகிறது. வி-6 போனது குறித்த புலம்பல்தான் மிகப் பெரிது. பழைய 3.5 லிட்டர் எஞ்சினின் ஆற்றல் 278 குதிரைத்திறன். அதன் இடத்தில் வந்த 2.4 லிட்டர் டர்போவும் பெரும்பாலான வகைகளில் அதே 278தான். இழுவிசையோ 265 பவுண்டு-அடியிலிருந்து 317க்கு ஏறியிருக்கிறது. ஹைபிரிட் வகையில் 326 குதிரைத்திறன், 465 பவுண்டு-அடி. எண்கள் இப்படியிருக்க, புலம்புவோர் கேட்பது எண்ணை அன்று. டர்போ என்னும் கூடுதல் உறுப்பு இருபதாண்டு தாங்குமா என்பதே அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு விடை சொல்ல இருபதாண்டு வேண்டும். கிளட்சும் கையால் மாற்றும் ஆறு கியரும் இன்னும் கிடைக்கின்றன என்பதைப் பலர் வாழ்த்தினர். எத்தனை பேர் அதை வாங்குவர் என்பது வேறு. பெரும்பாலான வகைகளில் லீஃப் ஸ்பிரிங் போய்க் காயில் ஸ்பிரிங் வந்தது. மிக மலிவான வகைகளுக்கு மட்டும் பழைய லீஃப். முகவாய்க்குக் கீழே, காற்றை ஒதுக்கி எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காக, தொங்கிய பிளாஸ்டிக் தாடியை எல்லாரும் எள்ளி நகையாடினர். நாமும் சேர்ந்துகொள்கிறோம்.

இரண்டு மாற்றங்கள் மட்டும் நம்மைச் சிந்திக்க வைத்தன. ஒன்று, மிக உயர்ந்த வகையில் முன்னிருக்கைகளின் முதுகில் அதிர்வு தாங்கிகளைப் பொருத்தியது. பாலைவனத்தில் வண்டி துள்ளும்போது ஓட்டுநரின் தலை ஆடாமல் இருக்குமாம். அதனால் பின்னிருக்கையில் அமர்பவருக்குக் கால் வைக்க இடம் குறைந்துபோயிற்று. மற்றொன்று, பழைய நீள அறை வகையின் பின்னால் இருந்த இரு சிற்றிருக்கைகளையும் சிறு கதவுகளையும் நீக்கிவிட்டு, அவ்விடத்தைச் சாமான் வைக்கும் அறையாக்கி, ஆறடித் தட்டோடு விற்றது. முன்னது எள்ளப்பட்டது, பின்னதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். நமக்கோ பின்னதில் 1968இன் சாயல் தெரிகிறது. ஓட்டுநர், உதவியாளர், கருவிகள், சுமை. இந்த நான்காம் தலைமுறை முழுவதிலும் வேலைக்காரரை நினைத்து வரையப்பட்ட ஒரே உறுப்பு அதுதான். விலை ஏறத்தாழ 31,500 டாலரில் தொடங்கி, துள்ளாத இருக்கை உள்ள வகையில் 64,000ஐ நெருங்கியது.

அளவைப் பற்றி ஒரே ஓர் ஒப்பீடு. 1992இல் டொயோட்டா டி-100 என்ற பிக்கப்பை அமெரிக்காவில் இறக்கியது. அமெரிக்கரின் பெரிய வண்டிகளுக்குப் போட்டி என்ற எண்ணத்தோடு வந்த அதை அந்நாளைய விமர்சகர்கள் 'பெரியது என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதன்று' என்று ஒதுக்கினர். அதன் நீளம் 5.3 மீட்டர். இன்றைய டகோமாவின் நான்கு கதவு வகையின் நீளம் 5.4 மீட்டர். அன்று பெருவண்டியாகத் தேறாத ஒன்றைவிட நீளமான வண்டிக்கு இன்று 'நடுத்தரம்' என்று பெயர். சொற்பொருள் திரிபுக்கு இதைவிட நல்ல சான்று நம் வகுப்பறைகளில் கிடைப்பது அரிது.

இதெல்லாம் அழகு, ஏக்கம், இலாபம் என்ற எல்லைக்குள் நின்றால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 2009இல் ஏறத்தாழ 4,100 பேர். 2022இல் 7,500க்கு மேல். காரணங்கள் பல. சாலை அமைப்பு, வேகம், இருட்டு, கைப்பேசி என ஒவ்வொன்றுக்கும் பங்குண்டு. நெடுஞ்சாலைப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வகம், ஏறத்தாழ 18,000 மோதல்களை ஆராய்ந்து 2023 நவம்பரில் ஒரு முடிவை வெளியிட்டது. பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ ஆகிச் சரிந்த முகம் கொண்டவற்றைவிட, மோதும்போது பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் மிகுதி. தாழ்ந்த பானெட் காலை முறிக்கும், ஆளைத் தன்மேல் சாய்த்துக்கொள்ளும். உயர்ந்து நிமிர்ந்த முகம் நெஞ்சையும் தலையையும் தாக்கி ஆளைக் கீழே தள்ளும். குழந்தையின் உயரத்தை எண்ணிப் பார்த்தால் மேலும் விளக்கம் வேண்டாம்.

டகோமாவின் புதிய முகத்தைப் பற்றி நாம் படித்த கருத்துகள் ஏராளம். 'வீரமாக இருக்கிறது', 'கோபமாக இருக்கிறது', 'போதிய கோபம் இல்லை' என்றெல்லாம் எழுதினார்கள். அந்த முகத்தின் முன்னால் ஒருவர் நடந்து செல்லக்கூடும் என்பதை நினைத்து எழுதியவர் மிகச் சிலர். வாங்குபவன் வண்டியைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறான். ஓட்டுபவன் உள்ளிருந்து பார்க்கிறான். எதிரே நிற்பவனின் கருத்தைக் கேட்பார் இல்லை. வி-6க்காகச் சிந்திய கண்ணீரில் ஒரு பங்கை இங்கே சிந்தியிருக்கலாம்.

சிறுவண்டி வேண்டும் என்ற குரல் முற்றிலும் அடங்கிவிடவில்லை. 2021இல் ஃபோர்டு மேவரிக் என்ற சிறு பிக்கப்பை, ஹைபிரிட் எஞ்சினோடு, 20,000 டாலருக்குச் சற்றுக் கீழே விலையிட்டு அறிவித்தது. முதலாண்டுக்கான முன்பதிவு நிரம்பி வழிந்து நிறுத்தப்பட்டது. வேண்டுவோர் இல்லை என்று முப்பதாண்டுகளாகச் சொல்லப்பட்ட பொருள் அது. நான்காண்டுக்குள் அதன் தொடக்க விலை 25,000ஐத் தாண்டிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இன்னும் சிலர், 25 ஆண்டு கடந்த வெளிநாட்டு வண்டிக்குப் பாதுகாப்பு விதிகள் பொருந்தா என்ற சட்ட இடுக்கைப் பயன்படுத்தி, ஜப்பானின் குறுஞ்சரக்கு வண்டிகளைப் பழையதாக வரவழைத்துப் பண்ணையில் ஓட்டுகிறார்கள். சில மாநிலங்கள் அவற்றைப் பதிவு செய்ய மறுத்தன. பாதுகாப்பு போதாது என்பது காரணம். யாருடைய பாதுகாப்பு என்று விளக்கவில்லை.

2023 நவம்பரில், புதிய டகோமா வெளியாகி ஆறு மாதம் கழிந்தபின், அதே டொயோட்டா தாய்லாந்தில் ஹைலக்ஸ் சாம்ப் என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருவர் அமரும் அறை. தட்டையான சரக்குப் பலகை. வாங்குவோர் தம் தொழிலுக்கேற்பக் கூண்டோ கடையோ பொருத்திக்கொள்ளத் துளையிட்ட சட்டங்கள். முட்டினால் கழற்றி மாற்ற எளிய முகப்பு. விலை 4,59,000 பாட்டில் தொடங்கியது, அதாவது அன்றைய கணக்கில் ஏறத்தாழ 13,000 டாலர். படங்களைப் பார்த்த அமெரிக்கர் பலர் 'எங்களுக்கு இது ஏன் கிடையாது' என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல 1963க்குப் போக வேண்டியிருக்கிறது.